ஆறாவது வாரத்து ஊசி

கக்குவான் இருமலுக்கான தடுப்பூசி எந்த அளவுக்குக் காக்கிறது என்ற கேள்விக்கு ஒற்றை விழுக்காட்டில் விடை சொல்லிவிட முடியாது. யாரை, எதிலிருந்து, எத்தனை காலத்துக்கு என்பவற்றையும் சேர்த்துக் கேட்டால்தான் விடைக்குப் பொருள் உண்டாகும். இந்நோய்க்குக் காரணமான போர்டெடெல்லா பெர்டூசிஸ் என்னும் நுண்ணுயிர், ஜூல் போர்டே, ஆக்டாவ் ஜாங்கு ஆகியோரால் 1906இல் பிரசல்ஸ் நகரில் பிரித்தெடுத்து வளர்க்கப்பட்டது. மூச்சுக்குழாயின் உட்சுவரிலுள்ள நுண்மயிர்களைப் பற்றிக்கொண்டு நஞ்சை வெளிவிடும் இது, ஓரிரு வாரம் வெறும் சளியாகத் தோன்றி, பின்னர் மூச்சுவிட இடங்கொடாமல் அடுக்கடுக்காக வரும் இருமலாகி, இரண்டு மூன்று மாதம் நீள்கிறது. இருமித் தீர்ந்ததும் காற்றை இழுக்கையில் எழும் 'ஊப்' என்ற ஓசை வளர்ந்த குழந்தைகளிடம் நோயைக் காட்டிக்கொடுக்கும்; மூன்று மாதம் நிரம்பாத கைக்குழந்தைக்கோ அந்த ஓசையை எழுப்பும் வலுவே இராது. பெரிதாக இருமக்கூடச் செய்யாமல் மூச்சு நின்று அது நீலம் பாரித்துவிடலாம். இந்நோயால் நேரும் சாவுகளில் பெரும்பங்கு இந்த வயதினருடையது என்பதை மனத்தில் இருத்தாமல் தடுப்பூசியின் பயனை அளக்க முற்படுவது வீண்.

இந்தியப் பொதுத் தடுப்பூசித் திட்டத்தில் பிறந்த 6, 10, 14 ஆகிய வாரங்களில், தொண்டை அடைப்பான், கக்குவான், ரணஜன்னி, கல்லீரல் அழற்சி பி, ஹிப் கிருமித் தொற்று ஆகிய ஐந்துக்கும் சேர்த்துப் பென்டாவேலன்ட் ஊசி இடது தொடையில் போடப்படுகிறது. 2011 டிசம்பரில் இது முதலில் அறிமுகமான மாநிலங்கள் தமிழ்நாடும் கேரளமும் ஆகும். 16 முதல் 24 மாதத்துக்குள் ஒன்றும், 5 முதல் 6 வயதுக்குள் இன்னொன்றுமாக முத்தடுப்பூசி ஊக்கத் தவணைகள் தொடர்கின்றன. அரசு ஊசியிலுள்ள கக்குவான் கூறு, கொல்லப்பட்ட நுண்ணுயிரை முழுமையாகக் கொண்ட 'முழுச்செல்' வகை. தனியார் மருத்துவமனைகளில் 'வலியில்லா ஊசி' என்று வழங்குவது, நுண்ணுயிரின் சில புரதங்களை மட்டும் தூய்மைப்படுத்திச் சேர்த்த 'செல்லற்ற' வகை. முழுச்செல் ஊசிகள் எல்லாம் ஒரே தரத்தவை அல்ல. அமெரிக்காவின் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரில் கிரேஸ் எல்டரிங்குடன் சேர்ந்து 1930களில் இவ்வூசியைச் செம்மைப்படுத்திய பேர்ல் கென்ட்ரிக், அதன் வீரியத்தை எலிகளில் அளக்கும் முறையொன்றையும் வகுத்தார். அந்த அளவுகோல் இருந்தும், பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது முழுச்செல் ஊசிகளின் காப்பு 37 விழுக்காடு முதல் 92 விழுக்காடு வரை விரிந்து கிடந்தது. ஆகவே தயாரிப்பு எது என்று கேளாமல் சொல்லப்படும் விழுக்காட்டை நம்பத் தேவையில்லை.

களத்தில் பணிபுரியும் கிராம சுகாதாரச் செவிலியரின் கையில் இருப்பது விழுக்காடு அன்று, தேதி. முதல் தவணை முழுக்காப்புத் தராவிட்டாலும் நோயின் கடுமையைக் குறைக்கத் தொடங்கிவிடுகிறது. இரண்டாவதும் மூன்றாவதும் அதை வலுப்படுத்துகின்றன. அதனால் ஆறாவது வாரத்தில் போடப்படும் ஊசியும், ஐந்தாவது மாதத்தில் போடப்படும் அதே ஊசியும் பதிவேட்டில் ஒன்றாகத் தோன்றினாலும் குழந்தைக்கு ஒன்றல்ல. ஓராண்டு நிறையும்போது மூன்று தவணையும் முடிந்திருந்தால் கணக்கில் அக்குழந்தை முழுமையாகத் தடுப்பூசி பெற்றதாகிவிடுகிறது. மூச்சு நின்றுபோகும் ஆபத்து மிகுந்த முதல் மாதங்களை அது வெறுங்கையோடு கடந்து வந்ததைக் கணக்கு காட்டுவதில்லை.

இந்தத் தாமதத்துக்கு அலட்சியத்தைக் காரணம் காட்டுவது எளிது; தமிழ்நாட்டுக் குடும்ப வழக்கத்தை அறிந்தோர் அவ்வாறு சொல்லத் தயங்குவர். வளைகாப்பு முடிந்து தாய்வீடு செல்லும் பெண், தலைப்பிள்ளையைப் பெற்று மூன்று மாதமோ ஐந்து மாதமோ கழித்தே கணவன் வீடு திரும்புகிறாள். 6, 10, 14 என்ற மூன்று வாரங்களும் ஏறக்குறைய இந்த இடைவெளிக்குள் விழுந்துவிடுகின்றன. கர்ப்பத்தைப் பதிவு செய்த செவிலியர் ஒருவர், குழந்தை இருக்கும் ஊருக்குரிய செவிலியர் இன்னொருவர். ஒருவர் மற்றவர் போட்டிருப்பார் என்று எண்ணும் இடத்தில் முதல் தவணை தவறிப்போகிறது. கர்ப்பிணியரையும் குழந்தைகளையும் எண் கொடுத்துத் தொடரும் கணினிப் பதிவு இதை ஓரளவு சரிசெய்கிறது என்றாலும், ஊர் மாறிய தாயிடம் தொலைபேசியில் பேசி, இந்தப் புதன்கிழமை எந்த அங்கன்வாடியில் ஊசி என்று சொல்லிவைக்கும் வேலை மனிதரிடமே இருக்கிறது. கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கல்வராயன் மலையில் இதனோடு பிழைப்புக்காக வெளியூர் செல்வதும் சேர்ந்துகொள்கிறது: காபித் தோட்டத்துக்குக் கைக்குழந்தையுடன் செல்லும் மலையாளிப் பழங்குடித் தாய்க்கு அட்டையில் அடுத்த தேதியை எழுதிக் கொடுத்தால் மட்டும் போதாது, அத்தேதியில் எங்கே இருப்பாள் என்றும் கேட்டாக வேண்டும். கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரம் போன்ற, தினக்கூலிக் குடும்பங்கள் வாழும் பகுதிகளில் தொலைவு தடையன்று. ஊசிக்கு மறுநாள் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் ஒரு நாள் கூலி போய்விடும் என்பதே தடை.

காய்ச்சல் என்பது தடுப்பூசிப் பணியின் நடுநாயகமான செய்தி. முழுச்செல் ஊசி பெற்ற குழந்தைகளில் பலருக்குக் காய்ச்சலும் தொடையில் வீக்கமும் வருவது இயல்பு. முன்னரே சொல்லி வைத்த காய்ச்சலைத் தாய் பொறுத்துக்கொள்கிறாள், சொல்லாமல் வந்த காய்ச்சலுக்குப் பின் பத்தாவது வாரத்தில் அவள் வருவதில்லை. இதை ஒரு நாடே நடத்திக் காட்டியதும் உண்டு. 1970களில் இவ்வூசி மூளையைப் பாதிக்கிறது என்ற அச்சம் பிரிட்டனில் பரவியபோது, 80 விழுக்காட்டை நெருங்கியிருந்த பயன்பாடு 30 விழுக்காடு அளவுக்குச் சரிந்தது. தொடர்ந்து வந்த பெரும்பரவலில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். இலேசான சளி இருந்தால் ஊசி கூடாது என்று பாட்டி சொல்வதும், அதை மறுக்கத் துணியாமல் செவிலியர் அடுத்த மாதத்துக்குத் தள்ளுவதும் இதே அச்சத்தின் சிறு வடிவங்கள்தாம். சிறு சளியும் இருமலும் தவணையைத் தள்ளிப்போடக் காரணமாகா.

குளிர்ச்சியைக் காப்பதிலும் பொதுவான எண்ணம் தவறான திசையிலேயே ஓடுகிறது. வெயிலில் ஊசிமருந்து கெட்டுவிடும் என்று எல்லாரும் அஞ்சுகின்றனர்; கக்குவான் கூறு அடங்கிய மருந்துக்கு உறைவதே பெருங்கேடு. 2 முதல் 8 பாகை செல்சியசுக்குள் வைக்க வேண்டிய இம்மருந்திலுள்ள அலுமினிய உப்பு, உறைந்து உருகினால் திரிந்து கட்டியாகி, மருந்து வீரியத்தை இழந்துவிடும். குப்பியின் மேலுள்ள நிறம் மாறும் அடையாளம் வெப்பத்தை மட்டுமே காட்டும், உறைந்ததைக் காட்டாது. எனவே உறைபெட்டியிலிருந்து எடுத்த ஐஸ் பேக்கை உடனே மருந்துப் பெட்டிக்குள் அடுக்காமல், வெளியே வைத்து, காதருகே ஆட்டும்போது உள்ளே நீர் சலசலக்கும் வரை காத்திருப்பதே முறை. மலையேறும் வண்டி காத்து நிற்கும் காலை வேளையில் அந்தச் சலசலப்புக்குக் காத்திருப்பவரே தொழில் தெரிந்தவர். ஐயம் எழுந்தால் குப்பியை, வேண்டுமென்றே உறையவைத்து உருக்கிய மற்றொன்றுடன் சேர்த்துக் குலுக்கி, எது விரைவில் அடியில் படிகிறது என்று ஒப்பிடுவர்.

சரியான நாளில், கெடாத மருந்து போட்ட பிறகும் காப்பு நிலைத்திருப்பதில்லை. ஊசியால் வரும் எதிர்ப்பாற்றல் ஏறக்குறைய 4 முதல் 12 ஆண்டுகளில் தேய்கிறது. நோயே வந்து சென்றாலும் வாழ்நாள் முழுதும் காப்பு இல்லை. செல்லற்ற ஊசி பெற்ற பபூன் குரங்குகள் நோயிலிருந்து தப்பினாலும் கிருமியைத் தொண்டையில் சுமந்து பிறவற்றுக்குப் பரப்பின என்று 2013இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. வலி குறைவு என்பதற்காகக் கூடுதல் பணம் கொடுக்கும் பெற்றோருக்கு இதை யாரும் விளக்கிச் சொல்வதாகத் தெரியவில்லை.

பிறந்த நாளுக்கும் ஆறாவது வாரத்துக்கும் இடையே குழந்தைக்கென்று கக்குவான் ஊசி ஏதுமில்லை. 2012 முதல் இங்கிலாந்தில் கர்ப்பிணியருக்கே கக்குவான் ஊசி போட்டு, தாயின் எதிர்ப்பொருள் கருவிலேயே குழந்தைக்குச் செல்லும்படி செய்கின்றனர். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் இது சுமார் 90 விழுக்காடு காப்பளித்தது. இந்தியப் பொதுத் திட்டம் கர்ப்பிணிக்குத் தரும் டிடி ஊசி ரணஜன்னிக்கும் தொண்டை அடைப்பானுக்கும் மட்டுமே உரியது. கக்குவான் கூறு சேர்ந்த ஊசி காசு கொடுக்க முடிந்தவர்களுக்கே கிடைக்கிறது. அரசு மருத்துவமனையில் பிரசவிக்கும் தாய்க்கும் அது கிடைத்தாக வேண்டும். அதுவரை கைக்குழந்தைக்குக் கிருமியைக் கொண்டுவருவோர் பெரும்பாலும் வீட்டாரே என்பதால், பிள்ளை பெற்ற வீட்டுக்குள் நுழையும் அனுபவமுள்ள செவிலியர், இருமும் பெரியவர்கள் யார் என்று விசாரித்துவிட்டு, தொட்டிலருகே நிற்கும் ஐந்து வயது அண்ணனின் அல்லது அக்காளின் தடுப்பூசி அட்டையை முதலில் கேட்டு வாங்கி, இரண்டாவது ஊக்கத் தவணைக்கான கட்டம் நிரம்பியிருக்கிறதா என்று பார்க்கிறார்.