கல்முனைக்குடியில் ஒரு கடன் நோன்பு

ரமழானுக்கு ஒரு வாரமே இருக்கையில் நாம் கல்முனைக்குடியில் ஒரு வீட்டிற்குச் சென்றிருந்தோம். அனைவரும் உண்ண, இளைய மகள் மட்டும் பரிமாறிவிட்டு ஒதுங்கி நின்றாள்.

"அவவுக்குக் களா நோன்பு, மகன்" என்றார் மூதாட்டி.

சென்ற ரமழானில் அவள் கைக்குழந்தைக்குப் பாலூட்டி வந்தாளாம். அத்தகையோர்க்கும் கருவுற்றோர்க்கும் சலுகை உண்டு. மாதவிலக்கு நாட்களிலோ நோற்றலே கூடாது. அந்நாட்களின் தொழுகையைத் திருப்ப வேண்டியதில்லை. நோன்பைத் திருப்ப வேண்டும். குழந்தையின் நலன் கருதி விட்டவள், இங்கு வழங்கும் ஷாபி மத்ஹபின்படி, நாளொன்றுக்கு ஒரு முத்து அரிசியும் ஏழைக்கு அளத்தல் வேண்டும். யூதரின் யோம் கிப்பூரிலோ, உடல்நலமுள்ள பாலூட்டும் தாயரும் நோற்கவே விதி.

ஊரே நோற்கும் மாதத்தில் பசி அவ்வளவாகத் தெரியாது. பள்ளிக் கஞ்சியும் வந்துவிடும். இவளோ தனியே ஸஹர் உண்டு, பகலெல்லாம் பிறர்க்குச் சமைத்தாள்.

மஃரிப் பாங்கு ஒலித்தது. பேரீச்சம்பழமும் தண்ணீரும் கொணர்ந்த மூதாட்டி, "இன்னும் மூணுதான், மகள்" என்றார்.