காகிதப்பூவும் பெயரும்

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டமொன்றில், எங்கள் லயத்தின் சுவரோரம் என் பாட்டியார் காகிதப்பூக்கொடி வளர்த்தார். ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்துக் குளிரில் அது பூக்குமோ என அயலார் நகைத்தனர். பிற்பகலில் மழையும் மூடுபனியும் சூழும் மலையாதலின், காலை வெயில் முழுதும் விழும் கிழக்குச் சுவரையே அவர் தேர்ந்தார். வேரடியில் நீர் தேங்காதபடி கல்லும் மணலும் இட்டார். தானே சுற்றிப் படரும் இயல்பு அதற்கில்லை. ஆகவே கிளைகளை ஆணியிற் கயிறிட்டுக் கட்டினார். கொடியும் பூத்தது.

நாம் பூவிதழென்று மகிழும் செந்நிறம் மெய்யில் இதழன்று. பூவைச் சூழ்ந்த இலையே. நடுவிலுள்ள சிறு வெண்குழல்தான் பூ. அதனை நோக்குவார் இலர்.

இக்கொடியின் வரலாறும் அத்தகையதே. 1767இல் பிரெஞ்சு அறிஞர் கொம்மெர்சோன் பிரேசிலில் செடி திரட்டியபோது, ஆண்வேடம் பூண்டு உடனுழைத்தவர் ஜீன் பாரே என்னும் ஏழை உழவர் மகள். கொடிக்கோ கப்பற்றலைவர் பூகன்வீலின் பெயரே வாய்த்தது. அப்பெண்ணின் பெயர் ஒரு செடிக்கு நிலைத்தது 2012இல்தான்.

இம்மலைக்கும் 1885இல் நிலமளக்க வந்த கேமரனின் பெயர் உண்டு. காடழித்துத் தேயிலை நட்ட தமிழரின் பெயர் எந்தக் குன்றுக்கு உண்டு? காலைப் பெரட்டில் கிராணியார் கூப்பிட்ட பெயர்களுள் என் பாட்டியார் பெயரும் ஒன்று; வேறெங்கும் அஃது எழுதப்படவில்லை.

அக்கொடியின் தண்டை நறுக்கி யான் அயலார்க்குத் தருவதுண்டு. பெறுவோர் கொடியின் பெயரை வினவுவர். யான் முதலில் பாட்டியார் பெயரைச் சொல்லுவேன்.