430 மணி நேரம்

ஆகஸ்ட் 6

இரவு ஒன்பதரைக்கு மாப்பிள்ளை போன் பண்ணினான். செஸ்னா 152 ஒன்று விலைக்கு வருகிறதாம், கடலோர ஊர் ஒன்றில் ஹேங்கருக்குள் நிற்கிறதாம். "ஓவர்ஹாலுக்கு அப்புறம் 430 மணி நேரந்தான் மாமா ஓடியிருக்கு. இன்னும் ரெண்டாயிரம் மணி நேரம் கிடக்கு." கணக்கு சரிதான். அதிலிருக்கும் லைகமிங் ஓ-235 எஞ்சினுக்கு அடுத்த ஓவர்ஹால் 2,400 மணி நேரத்தில். ஓவர்ஹால் எந்த வருஷம் என்று கேட்டேன். கோட்டையூர் அழகப்பச் செட்டியார் லண்டன் கிராய்டனில் விமானம் ஓட்டப் பழகினவர், ஜூப்பிடர் ஏர்வேஸ் நடத்தினவர், நம்ம பக்கத்து ஆளு என்றான். கேட்டதற்குப் பதில் வரவில்லை.

செட்டியார் தன் பணத்தைப் போட்டார். இவன் கை வைக்கப்போவது அக்காவின் நிலத்தில்.

ஆகஸ்ட் 7

தூக்கமில்லை.

ஆகஸ்ட் 9

லாக் புக்கைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து அனுப்பியிருக்கிறான். ஓவர்ஹால் நடந்தது 2004-ல். லைகமிங் சொல்வது 2,400 மணி நேரம் அல்லது 12 வருஷம், எது முந்துகிறதோ அது. பயல் முதல் பாதியை மட்டும் படித்திருக்கிறான்.

அதைவிட உறுத்துவது பின்பக்கங்கள். பறந்த பதிவுகள் இளைத்துக்கொண்டே வந்து நின்றுபோகின்றன. அப்புறம் வருஷக்கணக்கில் ஒரே கையெழுத்து, ஒரே வாசகம்: தரையில் ஓட்டிப் பார்த்தது, 10 நிமிடம், திருப்தி. வாரம் தவறவில்லை. மாப்பிள்ளைக்கு இதுதான் பெரிய நற்சாட்சி. எனக்கோ வயிற்றைக் கலக்குகிறது. பெட்ரோல் எரிந்தால் நீராவியும் உண்டாகும். பிஸ்டன் ரிங்கைத் தாண்டி ஆயிலில் இறங்கும். ஒரு மணி நேரம் பறந்தால் ஆயில் 80 டிகிரிக்கு மேல் காய்ந்து அந்த ஈரம் வெளியே போய்விடும். பத்து நிமிஷத்தில் ஆயில் சரியாகச் சூடேறுவதில்லை. வாராவாரம் கொஞ்சம் ஈரத்தை உள்ளே விட்டு மூடிவைத்த கதைதான்.

லைகமிங்கில் கேம் ஷாஃப்ட், கிராங்க் ஷாஃப்டுக்கு மேலே இருக்கிறது. நிறுத்தி வைத்தால் ஆயில் அங்கிருந்து வடிந்துவிடும், எஃகு வெறுமையாக நிற்கும். நான் தொழில் பழகிய புஷ்பக் விமானத்தில் 90 குதிரைத்திறன் காண்டினெண்டல் சி-90; அதில் கேம் கீழே, ஆயில் பக்கமாக. சும்மா நிற்பதை அது கொஞ்சம் தாங்கும்.

ஆகஸ்ட் 10

மச்சுவாடியிலிருந்து அக்கா வந்தாள். பிரகதாம்பாளைக் கும்பிட்டுவிட்டு அப்படியே வந்தாளாம். என் நெற்றியில் குங்குமத்தை வைத்துவிட்டு, காப்பியை ஆற்றியபடி சொன்னாள்.

"தம்பி, எஞ்சின் சரியில்லைன்னு சொல்லிடு."

"சரியா இருந்தா?"

"இருந்தாலும் சொல்லிடு. நீ சொன்னாத்தான் அவன் கேப்பான்."

அவள் போன பிறகும் டம்ளரைக் கழுவாமல் உட்கார்ந்திருந்தேன். வேலையில் இருந்த காலத்தில், விமானத்தை விடு என்று நெருக்கியவர்கள் உண்டு. நிறுத்து என்று யாரும் கெஞ்சியதில்லை.

ஆகஸ்ட் 13

மியூசியம் வரை நடந்தேன். வெயில்.

ஆகஸ்ட் 21

போய்ப் பார்த்தாயிற்று.

வாராவாரம் ஓட்டினவர் அங்கேதான் இருந்தார். அறுபது தாண்டியவர், துவைத்துத் துவைத்து வெளுத்த காக்கிச் சட்டை. "ஒரு வாரங்கூட விட்டதில்ல சார். மழை அடிச்சாலும் வந்துடுவேன்." புரொப்பெல்லரைத் துணியால் துடைத்துவிட்டே ஒதுங்கினார். ஸ்பார்க் பிளக் துளைகளில் மாட்டும் ஈர உறிஞ்சி பிளக்குகள் அவருடைய அலமாரியில் பெட்டியோடு கிடந்தன. உள்ளே நீலமாக இருக்க வேண்டிய சிலிக்கா மணிகள் ரோஸ் நிறத்துக்கு வந்துவிட்டன. "அது எதுக்குன்னு யாரும் சொல்லலியே சார்," என்றார். அதை மாட்டிவிட்டு எஞ்சினைத் தொடாமல் விட்டிருந்தாலே இதைவிட நல்லது. இதை அவரிடம் எப்படிச் சொல்வது? சொல்லவில்லை.

எஞ்சினைச் சூடாக்கி, பிளக்கைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டராகக் காற்று ஏற்றினேன். 80 கொடுத்தால் எவ்வளவு நிற்கிறது என்பதுதான் சோதனை. புரொப்பெல்லரை அவர் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பிடி நழுவினால் கையை முறித்துவிடும். 76, 75, 76. நாலாவதில் 68. புகைக்குழாயில் காது வைத்தேன், சத்தமில்லை. கார்புரேட்டர் பக்கமும் இல்லை. ஆயில் ஊற்றும் வாயில் மெல்லிய சீறல். அப்படியானால் ரிங், வால்வு அல்ல. அதுவும் தள்ளுபடி செய்கிற அளவுக்கு மோசமில்லை.

68 வந்தபோது எனக்குள் ஒரு நிம்மதி எட்டிப்பார்த்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை.

ராக்கர் கவரைத் திறந்து வால்வுகள் தூக்கும் அளவைப் பார்த்தேன். வித்தியாசம் இல்லை. கேம் முழுசாகத் தேய்ந்துபோகவில்லை என்பதற்கு அது சாட்சி. துரு பிடித்துப் புள்ளி விழ ஆரம்பித்திருந்தால் அதில் தெரியாது. ஒரு சிலிண்டரைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். விற்பவரிடம் கேட்டேன். "நல்லா ஓடுறதை எதுக்கு சார் பிரிக்கணும்?"

ஆகஸ்ட் 22

பஸ்ஸில் முழுக்க மாப்பிள்ளையின் மெசேஜ்கள். 76 பாஸ் மார்க்குதானே மாமா?

ஆகஸ்ட் 30

விற்பவர் பிரிக்க விடமாட்டாராம். முன்பணத்துக்குக் கெடு மட்டும் வைத்திருக்கிறார். அக்கா இரண்டு முறை கூப்பிட்டாள். எடுக்கவில்லை.

செப்டம்பர் 3

இருவருக்கும் ஒரே கடிதத்தை எழுதி அனுப்பினேன். கம்ப்ரெஷன் எண்கள் நாலையும் அப்படியே போட்டேன். கேமை நான் பார்க்கவில்லை என்றும் போட்டேன். சிலிண்டரைக் கழற்றிக் காட்டி, கேம் சுத்தமாக இருந்தால் 430 மணி நேர எஞ்சின் என்று விலை பேசலாம். காட்டாவிட்டால், ஓவர்ஹாலுக்கு நிற்கும் எஞ்சின் என்று விலை பேச வேண்டும். அதற்கு மேல் ஒரு ரூபாய் தரக்கூடாது.

"அப்ப வாங்கலாம்னுதானே மாமா?" என்றான் மாப்பிள்ளை.

"வேண்டாம்னுட்டேல்ல தம்பி?" என்றாள் அக்கா.

செப்டம்பர் 11

விற்பவர் இன்னும் சம்மதிக்கவில்லை. மாப்பிள்ளையும் இன்னும் முன்பணம் கட்டவில்லை.