பியரோகியும் கீல்பாசாவும்

தவக்கால வெள்ளி என்றால் நம் வீடுகளில் கஞ்சியும் துவையலும் நினைவுக்கு வரும். நாங்கள் இப்போது குடியிருக்கும் அமெரிக்காவின் பஃபலோ நகரில், போலந்து வழிவந்தோர் வீடுகளில் அன்று பியரோகிதான்!

தோழியரே, பியரோகியை நம் சோமாசிக்குத் தங்கை எனலாம். கோதுமை மாவை மெல்லியதாகத் தேய்த்து, வட்டமாக வெட்டி, மசித்த உருளைக்கிழங்கையோ, புளிக்கவைத்த முட்டைக்கோசையும் காளானையுமோ உள்ளே வைத்து, மடித்து, ஓரத்தைக் கிள்ளி மூடுவார்கள். கொதிநீரில் வெந்து மேலே மிதந்ததும் அரித்தெடுத்து, வெண்ணெயும் வதக்கிய வெங்காயமும் சேர்ப்பார்கள். (போலந்து மொழியில் 'பியரோகி' என்பதே பன்மை. அமெரிக்கர்கள் அதன்மேல் இன்னொரு பன்மை விகுதியையும் ஏற்றிவிட்டார்கள்!)

பிழைப்புத் தேடி வந்த போலந்து மக்கள் 1873-ல் இங்கே புனித ஸ்தனிஸ்லாஸ் பங்கை நிறுவினர். 1888-ல் பிராட்வே சந்தை தோன்றியது. மாவும் கிழங்கும் கோசும் உழைப்பாளர் வயிற்றை மலிவாக நிரப்பின.

கீல்பாசா, பூண்டும் மார்ஜரம் என்னும் வாசனைத் தழையும் சேர்த்துக் குடலில் அடைத்த பன்றியிறைச்சி. தவக்கால வெள்ளிகளில் அதற்கு இடமில்லை. பெரிய சனியன்று முட்டை, ரொட்டி, உப்பு, வெண்ணெயில் செய்த ஆட்டுக்குட்டி ஆகியவற்றோடு அதையும் கூடையில் வைத்துக் கோவிலுக்குக் கொண்டுபோய் மந்திரித்து வருவார்கள். பாஸ்கு காலையில் அந்த வாசனைக்கு ஈடில்லை.

அருகிலுள்ள லாக்கவானாவில் 1983-ல் எஃகு உற்பத்தி நின்றது. பழைய தெருக்களை விட்டுப் பிள்ளைகள் புறநகருக்குப் போய்விட்டார்கள். ஆனாலும் பரிசுத்த வாரத்தில் கீல்பாசா வாங்கச் சந்தைக்குத் திரும்பி வந்து வரிசையில் நிற்கிறார்கள்!

பியரோகியின் நிலைதான் எங்களுக்குக் கவலை. உறையவைத்த பியரோகி கடைகளில் கிடைக்கிறது. பென்சில்வேனியாவின் ஷெனண்டோவா ஊரில் 1952 முதலே அதைச் செய்கிறார்கள். அவசரத்துக்கு உதவும், கைப்பக்குவம் அதில் ஏது? நாங்கள் செல்லும் கோவிலின் கீழ்த்தளத்தில் பாட்டிமார் சிலர் அதைச் செய்து விற்று, கோவில் செலவுக்குக் கொடுக்கிறார்கள். எண்மர் அமர்ந்த மேசையில் இவ்வாண்டு ஐவர். அவர்களுடைய பேத்திகளுக்கு வேலை, படிப்பு. ஆகவே மாவு தேய்க்க நாங்கள் போகிறோம்.

அளவு கேட்டால், "காது மடலைத் தொட்டுப் பார், மாவும் அப்படி இருக்கவேண்டும்" என்கிறார்கள். அவர்கள் அள்ளிப் போடுவதையெல்லாம் கிண்ணத்தால் அளந்து நோட்டில் எழுதி வருகிறோம். மாவுக்கு மட்டுமே நான்கு பக்கம் ஆகிவிட்டது.