நான்காம் வார்த்தை

மார்ச் 5, சாம்பல் புதன்

லெந்து தொடங்கிவிட்டது. காலை ஆராதனைக்குப் போக முடியாது என்று தெரிந்தும் நாலு மணிக்கே விழித்துக்கொண்டேன். உண்மையில் மாத்திரையின் வேகம் குறைந்ததும் இடது இடுப்புதான் எழுப்பிவிட்டது. தொடை எலும்பின் கழுத்து முறிந்து, பாதி மூட்டை மாற்றி வைத்திருக்கிறார்கள். வாக்கரைப் பிடித்துக் கழிப்பறைவரை போய்வருவதுதான் இப்போதைக்கு என் ஊர்வலம்.

பத்து மணிவாக்கில் பெண்கள் ஐக்கிய சங்கத்தார் வந்தார்கள், ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக. அன்பானவர்கள். அதை எழுதாமல் விட்டால் நன்றிகெட்டவளாவேன். ஒரு பாட்டு, ஒரு ஜெபம், பிறகு ரோமர் 8:28, தேவனிடத்தில் அன்புகூருகிறவர்களுக்குச் சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது என்று. நான் விழுந்த நாளிலிருந்து அந்த வசனத்தை எனக்குச் சொல்லாதவர்கள் பால்காரரும் சிலிண்டர் கொண்டுவரும் பையனும்தான். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே ஒருத்தி, "கர்த்தர் ஏதோ ஒரு நோக்கத்தோடதான் டீச்சர் உங்களப் படுக்க வச்சிருக்காரு" என்றாள். முப்பது வயது இருக்கும். சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்து போனாள். அவள் சொன்னதைவிட அந்த நடைதான் மனதில் நின்றது.

செயலாளர் மட்டும் பின்தங்கி விஷயத்துக்கு வந்தாள். பெரிய வெள்ளி மும்மணி ஆராதனையில், சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளுக்கு ஏழு பேர் பேசுவார்கள். நான்காம் வார்த்தையை நான் பேச வேண்டுமாம். "உங்க சாட்சியையும் சேத்துச் சொல்லுங்க டீச்சர். துன்பத்துல ஒரு நோக்கம் இருக்குன்னு நீங்க சொன்னாத்தான் எடுபடும்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். நான்காம் வார்த்தையில் நோக்கம் எங்கே இருக்கிறது? அது ஒரு கேள்வி: என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்?

மார்ச் 8, சனி

அலமாரி மேல்தட்டிலிருந்து எமி கார்மைக்கேலின் 'ரோஸ் ஃப்ரம் ப்ரையர்' புத்தகத்தை மகளை எடுத்துத் தரச் சொன்னேன். 1933இல் வந்தது. டோனாவூர் பக்கத்து ஊர் என்பதால் அந்த அம்மையாரைப் பற்றி எல்லாம் தெரியும் என்று இங்கே எல்லாருக்கும் ஒரு நினைப்பு. அயர்லாந்துக்காரர், 1895இல் இந்தியா வந்தார், ஒருமுறைகூடச் சொந்த ஊர் திரும்பவில்லை, கோயிலுக்கு விடப்படவிருந்த பெண்பிள்ளைகளை எடுத்து வளர்த்தார். ஞாயிறு பள்ளிக் கதை அதோடு முடிந்துவிடும். கடைசி இருபது வருஷத்தை யாரும் சொல்லித் தருவதில்லை. படுக்கையில் கிடந்த கிழவியைப் பற்றிப் பிள்ளைகளுக்கு என்ன கதை சொல்வது?

1931 அக்டோபர் 24. களக்காட்டில் புதிதாகப் பிடித்திருந்த ஒரு வீட்டைப் பார்க்கப் போனார். பொழுது சாய்ந்துவிட்டது. கழிப்பறைக்கு வெட்டிய குழியை, வெட்டக் கூடாத இடத்தில் வெட்டி வைத்திருந்தார்கள். இருட்டில் அதில் விழுந்தார். கால் முறிந்தது, கணுக்கால் பிசகியது. வயது அறுபத்து மூன்று. கொஞ்ச நாளில் எழுந்துவிடுவார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். மூட்டுவலி, நரம்புவலி, தூக்கமின்மை என்று ஒன்றன்மேல் ஒன்றாக வந்தது. 1951 ஜனவரியில் இறக்கும்வரை பெரும்பாலும் அந்த ஒரே அறையில்தான். ஜெபிக்காமல் இல்லை. டோனாவூரே ஜெபித்தது. குணமாகவில்லை.

அந்தப் படுக்கையிலிருந்து அவர் எழுதியவற்றில் இந்தப் புத்தகமும் ஒன்று. நோயாளிகளுக்கென்று அச்சடித்த ஆறுதல் பிரசுரங்கள் அவருக்கு வந்துகொண்டிருந்தன. எதுவும் உள்ளே இறங்கவில்லை. ஏன் என்று யோசித்தபோது, எல்லாம் திடகாத்திரமானவர்கள் நோயாளிகளுக்கு எழுதியவை என்று பிடிபட்டது. அதனால் நோயாளி நோயாளிக்கு எழுதுவதாக ஒரு புத்தகம். இதை நான் கல்லூரி முடித்த காலத்தில் வாசித்திருக்கிறேன். அப்போது எனக்கும் உள்ளே இறங்கவில்லை. நானும் திடகாத்திரமாக இருந்தேன்.

அந்த அம்மையாரின் எல்லாமும் எனக்கு ஒத்துவரும் என்று சொல்ல மாட்டேன். டோனாவூரில் அவர் வைத்த கட்டுப்பாடுகளுக்குள் நான் ஒரு மாதம் தாங்கியிருக்க மாட்டேன். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவர் கண் கூர்மையானது.

விழுந்த அன்று காலையில் அவர் செய்த ஜெபத்தைப் பற்றி ஒரு செய்தி உண்டு. ஊழியத்துக்கும் என் பிள்ளைகளுக்கும் இன்னும் உதவுகிறவளாக என்னை ஆக்க எதை வேண்டுமானாலும் செய்யும் என்று கேட்டாராம். சாயங்காலம் குழி. இதைப் பிரசங்கத்தில் கேட்டால் எனக்குக் குலை நடுங்குகிறது. குழி வெட்டியவனின் கவனக்குறைவைத் தூக்கிக் கடவுள் கையில் கொடுப்பதுபோல் இருக்கிறது. ஆனால் காலையையும் சாயங்காலத்தையும் சேர்த்து முடிச்சுப் போட்டவர் அவரே. போடட்டும். முறிந்தது அவர் கால். அதே முடிச்சை என் காலுக்கு இன்னொருத்தி போட வந்தால்தான் எனக்கு ஆத்திரம் வருகிறது.

மார்ச் 16, ஞாயிறு

எதிர்வீட்டு ஆச்சி தினமும் மூன்று மணிக்கு வருகிறாள். முருங்கைக்கீரைக் கட்டோடு வருவாள், இல்லாவிட்டால் சின்ன வெங்காயம். கட்டிலருகே நாற்காலியைப் போட்டுக்கொண்டு முறத்தில் உருவிக்கொண்டே இருப்பாள். "வலிக்கா?" என்று ஒருதரம் கேட்பாள். "வலிக்கு" என்பேன். அதற்குமேல் அந்தப் பேச்சு இல்லை. நெல்லையப்பர் கோயில் பிரதோஷத்தை விடாத ஆச்சி. பெரிய மகனை விபத்தில் பறிகொடுத்தவள். அன்றைக்கு அந்த வீட்டுக்கு வந்தவர்கள் விதி, கர்மம், போன ஜென்மம் என்று என்னென்ன சொல்லியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியாதா? அவற்றையெல்லாம் கேட்டவள் என்பதால்தான் இங்கே வாய் திறக்க மாட்டேன் என்கிறாள் போல.

சாயங்காலம் யோபுவைத் திறந்தேன். சிநேகிதர் மூவரையும் திட்டித் திட்டியே நாம் பழகிவிட்டோம். இரண்டாம் அதிகாரத்தின் கடைசி வசனத்தைப் பார்க்க வேண்டும். வந்தவர்கள் ஏழு நாள், இரவும் பகலும், அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் ஒன்றும் பேசவில்லை. அதுவரை அவர்களைப் போல நல்ல சிநேகிதர் வேதத்திலேயே கிடையாது. வாயைத் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது. பேசியதெல்லாம் தப்பும் அல்ல, பாதி நம் பிரசங்கங்களில் வருவதுதான். முடிவில் கடவுள், இவர்கள் என்னைப் பற்றிச் சரியாகப் பேசவில்லை, யோபுதான் சரியாகப் பேசினான் என்கிறார். அத்தனை அதிகாரம் கடவுளோடு சண்டை போட்டவனைப் பற்றி!

மார்ச் 25, செவ்வாய்

பிசியோதெரபி தம்பி வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் படித்தவன். முழங்காலை மடக்கி நீட்ட வைத்துக்கொண்டே, வலி தெரியாமலிருக்க மேரி வர்கீஸ் கதையைச் சொன்னான். எனக்கு ஏற்கெனவே தெரியும், ஆனாலும் சொல்ல விட்டேன்.

கொச்சிப் பக்கத்துப் பெண். வேலூரிலேயே படித்து டாக்டரானவர். 1954 ஜனவரியில் கார் விபத்து. முகம் சிதைந்தது, தண்டுவடம் அறுபட்டு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாமல் போயிற்று. மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்றிருந்தவர், எழுந்து நிற்கவே முடியாது. அப்போது அங்கே தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை அறுவைசிகிச்சை செய்து நிமிர்த்திக்கொண்டிருந்தவர் பால் பிராண்ட். கை ஆபரேஷனை உட்கார்ந்தே செய்யலாம் என்று அவர்தான் எடுத்துச் சொன்னார். சக்கர நாற்காலியில் இருந்தபடி மேரி வர்கீஸ் கத்தியைப் பிடித்தார். பிறகு ஆஸ்திரேலியா, நியூயார்க் என்று போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1966இல் வேலூரில் தண்டுவடம் அடிபட்டவர்களுக்கென மறுவாழ்வு நிலையம் எழும்பியது. 1972இல் பத்மஸ்ரீ.

"பாத்தீங்களா டீச்சர், அந்த ஆக்சிடென்ட் இல்லன்னா இதெல்லாம் வந்திருக்குமா?" என்றான் தம்பி.

நான் கணக்கு டீச்சர். அந்தத் தருக்கம் எனக்கு இடிக்கிறது. விபத்து நடக்காமலே வேறொருவர் அந்த நிலையத்தைக் கட்டியிருக்கலாம். விபத்து நடந்து ஒன்றும் கட்டாமல் செத்துப்போனவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் துன்பத்துக்கு நோக்கமே கிடையாதா? எனக்கு அந்தக் கதையில் பிடித்த இடம் வேறு. பிராண்ட் கட்டிலருகே நின்று 'கடவுளுக்கு ஒரு திட்டம் இருக்கிறது' என்று சொல்லிவிட்டுப் போகவில்லை. உட்கார்ந்து செய்யக்கூடிய வேலை எது என்று பார்த்திருக்கிறார். நோக்கம் என்று ஒன்று வந்ததானால் அந்த வேலையின் வழியாக வந்தது. அதை நோக்கம் என்று அழைப்பதா வேண்டாமா என்பது மேரி வர்கீஸ் முடிவுசெய்ய வேண்டிய விஷயம்.

தம்பியிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. "இன்னும் பத்து தடவை மடக்குங்க" என்றான்.

ஏப்ரல் 3, வியாழன்

மோசமான ராத்திரி. துன்பம் மனிதரைப் புடமிடும் என்கிறார்கள். என்னைப் பொறுத்தவரை சிடுசிடுப்பாக்கியிருக்கிறது. மகள் காபியில் சீனி கூடப் போட்டதற்குக் கத்தினேன். அவள் ஒன்றும் சொல்லாமல் வேறு காபி கொண்டுவந்தாள். என் பேச்சைக் கேட்டு யாராவது விசுவாசத்தில் வளர்வார்கள் என்றால் அது அதிசயம்தான்.

ஆனால் ஒன்று. இரண்டு மணிக்கு வலியில் கிடக்கும்போது நான் பேசாமல் இருப்பதில்லை. யாரிடமோ முறையிடுகிறேன். சின்ன வயதிலிருந்து சங்கீதம் மனப்பாடம் செய்யவைத்த அம்மாவின் புண்ணியம். 88ஆம் சங்கீதம் இருட்டிலேயே தொடங்கி இருட்டிலேயே முடிகிறது. கடைசியில் ஒரு ஸ்தோத்திரம்கூடக் கிடையாது. அதையும் கோத்து வேதத்தில் வைத்திருக்கிறார்கள். பவுல் தன் உடம்பில் குத்திய முள்ளை எடுத்துவிடும்படி மூன்றுதரம் கேட்டார், எடுக்கப்படவில்லை. பிறவிக் குருடனைப் பார்த்துச் சீடர்கள், யார் செய்த பாவம், இவனா, பெற்றவர்களா என்று விசாரிக்கிறார்கள். அவனுக்குக் கேட்கும் தூரத்தில்தான் நின்றிருப்பார்கள். இயேசு அந்த விசாரணையைத் தள்ளிவிட்டுக் குனிந்து மண்ணைப் பிசைகிறார்.

நான்காம் வார்த்தையைப் பற்றி இன்று ஒன்று தோன்றியது. ஞானஸ்நானத்தின்போது வானத்திலிருந்து சத்தம் வந்தது. மலையில் மறுரூபமானபோதும் வந்தது. சிலுவையில் மகனே வாய்விட்டு, ஏன் கைவிட்டீர் என்று கேட்கும்போது வானம் வாய் திறக்கவில்லை. மத்தேயுவிலும் மாற்குவிலும் அந்தக் கேள்விக்குப் பதில் எழுதவில்லை. பக்கத்தில் நின்றவர்கள் எலியாவைக் கூப்பிடுகிறான் என்று தப்பாக வேறு புரிந்துகொண்டார்கள். நாம்தான் மூன்றாம் நாளை முன்கூட்டியே எடுத்து வெள்ளிக்கிழமைக்குள் சொருகுகிறோம்.

இந்த வலியில் நான் கிறிஸ்தவளாகவே இருப்பதற்குக் காரணம் கேட்டால் இதைத்தான் சொல்வேன். காரணம் தெரியாமல் கத்தியவர் ஒருவர் அங்கே ஏற்கெனவே இருக்கிறார். மற்ற விளக்கங்களை எனக்கு யாரும் தர வேண்டாம்.

ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு

பிள்ளைகள் குருத்தோலைச் சிலுவையோடு வந்து பாடிவிட்டுப் போனார்கள். பின்னாலேயே சேகரத்து ஐயரும் நற்கருணை கொடுக்க வந்தார். நான்காம் வார்த்தையைப் பேசுகிறேன், ஆனால் சாட்சி சொல்ல மாட்டேன் என்றேன்.

"ஏம்மா?"

"என் வலிக்கு நோக்கம் இன்னும் தெரியல ஐயரே. தெரிஞ்ச மாதிரி பேசினா பின்வரிசையில இருக்கிற ஆளுக்குக் கேடு. அவுகளுக்கும் தெரிஞ்சாகணும்னு ஆயிரும்."

அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. "சரிம்மா, பன்னிரண்டு நிமிஷத்துக்கு மேல போயிராதிய" என்றார். நல்ல மனுஷர்.

பேச்சில் பொன்னம்மாளைச் சேர்க்கப்போகிறேன். எமி அம்மையாருக்கு வலது கையாக இருந்த தமிழ்ப் பெண். இளம் விதவை. டோனாவூரின் ஆரம்ப வருஷங்களைத் தோளில் சுமந்தவர். புற்றுநோய் வந்தது, எல்லாரும் ஜெபித்தார்கள், 1915இல் இறந்தார். எமி அவரைப் பற்றித் தனியாக ஒரு புத்தகமே எழுதினார். ஆனாலும் களக்காட்டுக் குழியைத் தெரிந்தவர்களுக்குப் பொன்னம்மாளைத் தெரியாது. படுக்கையிலிருந்து புத்தகம் எழுதினால் அந்தத் துன்பத்துக்குப் பயன் கண்டுவிடுகிறோம். எழுதாமல் செத்தவருக்கு என்ன பதில் வைத்திருக்கிறோம்? எமிகூட 1948இல் அறைக்குள்ளேயே இன்னொருதரம் விழுந்தார். அதற்குப் பிறகு புரண்டு படுக்கவும் கஷ்டம். அந்த இரண்டாவது வீழ்ச்சிக்குக் காலை ஜெபம் எதையும் யாரும் சேர்த்துச் சொல்லக் கேட்டதில்லை.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

போய்வந்துவிட்டேன். மகனும் பிசியோ தம்பியும் நாற்காலியோடு தூக்கி மூன்று படியும் ஏற்றினார்கள். பீடத்தருகே சாய்தளம் இல்லாததால் முன்வரிசையிலிருந்தே மைக்கைப் பிடித்துப் பேசினேன். பேச்சில் ரோமர் 8:28 வரவில்லை. அதை எழுதியவரின் முதுகில் அடித்த தழும்புகள் இருந்தன. அவர் சொல்லலாம் என்று மட்டும் ஒரு வரி. முன்னால் இருந்த இரண்டு பேருக்குப் பிடிக்கவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. செயலாளருக்கும்தான். "நல்லா இருந்துச்சு டீச்சர், ஆனா முடிவு இல்லாம முடிச்சிட்டிய" என்றாள். அந்த வார்த்தையும் அப்படித்தானே முடிகிறது என்று சொல்ல வந்தேன், கூட்டம் தள்ளிவிட்டது.

மூன்று மணிக்குமேல் வெளியே கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் தூக்குவாளியோடு என்னருகே வந்து நின்றாள். அவள் அம்மாவுக்குப் பக்கவாதம், படுக்கையில் இருக்கிறாளாம். வருகிற ஊழியக்காரர்கள் எல்லாரும் விசுவாசம் போதவில்லை என்று சொல்லிவிட்டுப் போகிறார்களாம். அம்மா இப்போது யாரையும் உள்ளே விடுவதில்லை.

"நீங்க வருவியளா? ஜெபம் எல்லாம் வேண்டாம்னு சொல்லச் சொன்னா."

"பேச வருமா அவுகளுக்கு?"

"குழறும். எனக்குப் புரியும்."

வீட்டில் படி எத்தனை என்று கேட்டேன். இரண்டு, ஆனால் உயரமான படி, கைப்பிடி இல்லையாம். ஈஸ்டருக்கு மறுவாரம் வருகிறேன் என்றேன். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் பண்ணிய கால் முதலில் என்று தம்பி சொல்லித் தந்திருக்கிறான், ஆனால் அது கைப்பிடி உள்ள படிக்கு. திங்கட்கிழமை வரும்போது அவனிடம் கேட்க வேண்டும். ஆச்சியையும் கூட்டிக்கொண்டு போகலாமா என்று ஒரு யோசனை இருக்கிறது. கீரை அங்கேயும் உருவலாம்.