கதவைத் தட்டுகிறவர்களின் மூடிய கதவு

அமெரிக்காவின் யூட்டாவில், மோர்மன் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை வந்தால் அதில் முகூர்த்த நேரத்தைத் தேடாதீர்கள். பெரும்பாலும் இருக்காது. மாலை ஆறு மணிக்கு வரவேற்பு, இன்ன தெருவிலுள்ள சர்ச் கூடம் என்று மட்டும் போட்டிருக்கும். போய்ப் பார்த்தால் அது பாதி விளையாட்டுக்கூடம். கூடைப்பந்து வளையத்தை வெள்ளைத் துணியும் சர விளக்கும் சுற்றி மறைத்திருப்பார்கள். அதன் கீழே மணமக்கள் நின்று கை குலுக்குவார்கள். கல்யாணம் காலையிலேயே 'டெம்பிளில்' முடிந்திருக்கும். அதைப் பார்த்தவர்கள் ஓர் அறைக்குள் அடங்கும் சிலர்.

தெருவை அடைத்துப் பந்தல் போட்டு, மைக் செட் வைத்து ஊருக்கே அறிவித்துத் தாலி கட்டுகிற இடத்திலிருந்து வந்தவர்களுக்கு இது கொஞ்சம் உறுத்தும். எங்கள் வீட்டிலும் உறுத்தியது. "நம்மளை வேண்டாம்னு சொல்றாங்களா?" என்று என் மனைவி கேட்டாள். அப்படியில்லை என்று புரிய எங்களுக்குக் கொஞ்ச காலம் பிடித்தது.

முதலில் ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். மோர்மன்களின் ஞாயிற்றுக்கிழமை வழிபாடு யாருக்கும் மூடியதில்லை. தெருவுக்குத் தெரு இருக்கிற அந்தச் சர்ச்சுகளில் நீங்களும் நானும் போய் உட்காரலாம். பாட்டுப் புத்தகம் கொடுத்து உட்கார வைப்பார்கள். ஆலயம், அதாவது அந்த 'டெம்பிள்', வேறு கட்டடம், வேறு வேலை. ஞாயிற்றுக்கிழமை அது மூடியிருக்கும். இறந்துபோன முன்னோர்களுக்காகச் செய்யும் ஞானஸ்நானம், 'எண்டோமென்ட்' என்கிற வாக்குறுதிச் சடங்கு, கணவன் மனைவியை மரணத்துக்கு அப்பாலும் இணைக்கிற 'சீலிங்' ஆகியவை அங்கேதான் நடக்கும்.

உள்ளே நுழைய 'ரெக்கமெண்ட்' என்று ஒரு சிறு அட்டை வேண்டும். இரண்டு பேரிடம், ஒருவர் பின் ஒருவராக, தனியே உட்கார்ந்து பதில் சொன்னால்தான் அது கிடைக்கும். விசுவாசம் இருக்கிறதா, வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு கொடுக்கிறாயா, ஒழுக்கத்தில் நேர்மையாக இருக்கிறாயா, மது, புகையிலை, காபி, டீ எல்லாவற்றையும் விலக்கியிருக்கிறாயா என்று கேட்பார்கள். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மறுபடியும் அதே கேள்விகள். டிகாஷன் இறங்கும் சத்தத்தில் கண் விழிக்கிற நம்மவர்கள் யாருக்கும் நான்காவது கேள்வியோடு கதை முடிந்துவிடும்.

ஆக, வெளியே நிற்பவர்கள் வேற்று மதத்தார் மட்டும் அல்ல. மோர்மனாகவே பிறந்து, வாரம் தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவரும் அட்டை இல்லையென்றால் வெளியேதான். மணப்பெண்ணின் பதினைந்து வயதுத் தம்பி, எவ்வளவு பக்தியான பையனாக இருந்தாலும், அக்கா கல்யாணத்தைப் பார்க்க முடியாது. எண்டோமென்ட் சடங்கை எடுக்கும் வயது அவனுக்கு வரவில்லை.

எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் ஓய்வுபெற்ற பல் மருத்துவர். முன்பு இந்த 'வார்டு' என்கிற சர்ச் வட்டாரத்துக்குப் பிஷப்பாக இருந்தவர். பிஷப் என்றதும் அங்கியும் அரண்மனையும் நினைக்க வேண்டாம். அது சம்பளமில்லாத வேலை, பல் பிடுங்கிய நேரம் போக மிச்ச நேரத்தில் பார்த்தது. அவரிடம் ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டேன். திருக்கோஷ்டியூர் நம்பியிடம் ரகசியமாகப் பெற்ற மந்திரத்தை, தான் நரகம் போனாலும் பரவாயில்லை என்று கோபுரத்தில் ஏறி ஊருக்கெல்லாம் ராமானுஜர் சொன்னார் என்ற கதையைக் கேட்டு வளர்ந்தவன் நான். நல்ல விஷயம் என்றால் அதை எதற்கு மூடி வைக்க வேண்டும்?

அவர் சிரித்தார். "நாங்கள் கூவாமலா இருக்கிறோம்? என் பையன் இரண்டு வருஷம் பெருவில் வீடு வீடாகப் போய்க் கதவு தட்டினான். வாருங்கள் என்றுதான் எல்லோரையும் கூப்பிடுகிறோம். ஆனால் உள்ளே போகிறவர் கடவுளிடம் வாக்குக் கொடுக்கிறார். வாக்குக் கொடுக்க வராதவருக்கு அங்கே என்ன வேலை? வேடிக்கை பார்க்கவா?"

இதில் நியாயம் இருக்கிறது. அந்த வாக்குகள் என்னென்ன என்பதும் ரகசியமில்லை. கீழ்ப்படிதல், தியாகம், சுவிசேஷத்தின்படி நடத்தல், கற்பு, தன்னிடம் உள்ளதையெல்லாம் திருச்சபைக்கு அர்ப்பணித்தல் என்று ஐந்தையும் திருச்சபையே வெளியிட்டிருக்கிறது. 2014இல் சடங்கு உடைகளை ஒரு வீடியோவாகவே எடுத்துக் காட்டினார்கள். வெளியே சொல்லக்கூடாது என்று உள்ளே உறுதி எடுப்பது சில அடையாளங்களையும் சொற்களையும்தான். அவையும் பல காலமாக இணையத்தில் கிடக்கின்றன. பெரியவருக்கு அது தெரியும். யார் சொன்னாலென்ன, நான் சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்பது அவர் நிலை. மூடி வைத்ததால் வந்த மதிப்பு அல்ல, காப்பாற்றுவதால் வருகிற மதிப்பு. எனக்கு அது பிடித்திருந்தது.

ஆனால் பக்தி மட்டுமே இந்தக் கதவைச் சாத்தவில்லை. வரலாறும் ஒரு கை கொடுத்திருக்கிறது. 1838இல் மிசௌரி மாநில ஆளுநர் லில்பர்ன் பாக்ஸ், மோர்மன்களை ஒழிக்க வேண்டும் அல்லது மாநிலத்தைவிட்டு விரட்ட வேண்டும் என்று எழுத்திலேயே ஆணை போட்டார். 1976இல்தான் அது முறையாக ரத்தானது. விரட்டப்பட்டவர்கள் இல்லினாயில் மிசிசிப்பி ஆற்றங்கரையில் நாவூ என்ற ஊரைக் கட்டினார்கள். அங்கே திருச்சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித் 1842 மார்ச்சில், ரகசியச் சடங்குகள் கொண்ட ஃப்ரீமேசன் சங்கத்தில் சேர்ந்தார். ஏழு வாரம் கழித்து, மே 4 அன்று, தன் செங்கல் கடையின் மாடியில் நெருக்கமான சிலருக்கு மட்டும் எண்டோமென்ட் சடங்கை முதன்முதலாக நடத்தினார். மேசன் சடங்குகளோடு அதற்கு ஒற்றுமை உண்டு என்பதைத் திருச்சபையும் மறுப்பதில்லை. அதே ஆண்டுகளில் பலதார மணமும் அங்கே மறைவாக நடந்துகொண்டிருந்தது. 1852 வரை அதை வெளியே ஒப்புக்கொள்ளவில்லை. இதைச் சொன்னால் என் மோர்மன் நண்பர்கள் சிலருக்கு முகம் சுருங்கும். ஆனாலும் வாய் திறக்காத பழக்கத்துக்கு அதுவும் ஒரு வேர் என்றே நினைக்கிறேன். 1844இல் ஸ்மித்தை ஒரு கும்பல் சிறைக்குள் புகுந்து சுட்டுக் கொன்றது. நாவூ ஆலயத்தை 1848இல் யாரோ கொளுத்தினார்கள்.

அப்படி அடிபட்டவர்கள் யூட்டா பாலைவனத்துக்கு வந்தும் வெளியாரின் ஆவல் அவர்களை விடவில்லை. ரீட் ஸ்மூட் என்ற மோர்மன் தலைவர் செனட்டராகத் தேர்வானபோது, 1904 முதல் 1907 வரை செனட் குழு விசாரித்தது. ஆலயத்துக்குள் என்ன சத்தியம் செய்கிறீர்கள் என்று சாட்சிகளை உலுக்கினார்கள். 1911இல் சால்ட் லேக் ஆலயத்துக்குள் ஒருவர் திருட்டுத்தனமாகப் புகுந்து படமெடுக்க, அவருடைய கூட்டாளி அந்தப் படங்களை வைத்துத் திருச்சபையிடம் பணம் கேட்டு மிரட்டினார். அப்போதைய தலைவர் ஜோசப் எஃப். ஸ்மித் பணம் கொடுக்க மறுத்தார். மாறாக, தாங்களே நல்ல படங்கள் எடுத்து, ஜேம்ஸ் டால்மேஜ் எழுதிய புத்தகத்தில் 1912இல் வெளியிட்டார்கள். மிரட்டியவன் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. அறைகளைக் காட்டியதால் ஆலயத்தின் புனிதம் குறைந்ததாகவும் யாரும் சொல்லவில்லை.

அறைகளை நானே பார்த்திருக்கிறேன். புது ஆலயம் கட்டினால், பிரதிஷ்டைக்கு முன் சில வாரங்கள் எல்லோரையும் உள்ளே விடுவார்கள். 2024இல் டெய்லர்ஸ்வில் ஆலயம் திறந்தபோது குடும்பத்தோடு போனோம். கோயில் என்றதும் என் மகள் பழக்கத்தில் செருப்பைக் கழற்றிவிட்டாள். அவர்களோ செருப்புக்கு மேல் மாட்ட வெள்ளை உறை கொடுத்தார்கள். பன்னிரண்டு காளைச் சிலைகள் தாங்கும் ஞானஸ்நானத் தொட்டி. எதிரெதிர்ச் சுவர்க் கண்ணாடிகளில் பிம்பம் முடிவில்லாமல் நீளும் சீலிங் அறை. கடைசியில் சரவிளக்கும் சோபாக்களுமாக, பேச்சே இல்லாத ஒரு கூடம். விக்கிரகம் கிடையாது, மூலஸ்தானம் கிடையாது.

நம்மிடமும் கதவுகள் உண்டு. பழனியில் கொடிமரத்துக்கு அப்பால் இந்து அல்லாதவர்கள் போகக் கூடாது என்று 2024இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. 1939இல் காந்தியவாதி வைத்தியநாத ஐயர் தலைமையில் ஆலயப் பிரவேசம் நடக்கும்வரை, மதுரை மீனாட்சி கோயிலுக்குள் இந்துக்களிலேயே பலர் போக முடியவில்லை. மோர்மன்களும் 1978 ஜூன் வரை கறுப்பின உறுப்பினர்களுக்கு எண்டோமென்ட்டையும் சீலிங்கையும் மறுத்தார்கள். எந்த நேர்காணலாலும் அதை மாற்றியிருக்க முடியாது. நடத்தையைக் கேட்டு அட்டை கொடுக்கும் முறை எவ்வளவு கறாராக இருந்தாலும் என்னால் ஏற்க முடிகிறது. தோலைப் பார்த்துச் சாத்திய கதவை ஏற்க முடியாது.

இன்னொரு வலி கல்யாணம். அமெரிக்காவில் 2019 வரை, முதலில் எல்லோர் முன்னாலும் கல்யாணம் செய்துகொண்டால், ஆலயச் சீலிங்குக்கு ஓராண்டு காத்திருக்க வேண்டும் என்று விதி. காத்திருந்தால் ஊர் ஒரு மாதிரிப் பேசும். அதனால் பெரும்பாலோர் நேராக ஆலயத்துக்கே போனார்கள். கத்தோலிக்கத் தாய், மதத்தைவிட்ட தகப்பன், டீ குடிக்கும் மாமா எல்லாம் வெளியே. என்னோடு வேலை பார்த்த ஒரு பெண்ணின் அம்மா, மகளுக்குப் பூச்செண்டைத் தயார் செய்து கொடுத்துவிட்டுக் காத்திருப்பு அறையில் உட்கார்ந்திருந்தார். கடவுளுக்கும் அந்த அம்மாவுக்கும் நடுவில் இருந்தது வெறும் நிர்வாக விதி. எப்படிச் சொல்கிறேன் என்றால், பிரிட்டன் போன்ற நாடுகளில் திருமணம் பொதுவில் நடக்க வேண்டும் என்று சட்டம் இருந்ததால், அங்கே அதே மோர்மன்கள் ஊர் பார்க்கக் கல்யாணம் செய்துவிட்டு, காத்திருக்காமல் ஆலயம் போனார்கள். எந்தப் புனிதமும் கெட்டதாகத் தெரியவில்லை. 2019 மே 6 அன்று அந்த ஓராண்டு விதியை எல்லா நாடுகளிலும் எடுத்துவிட்டார்கள். நல்ல வேலை, ஆனால் பல ஆயிரம் அம்மாக்களுக்குத் தாமதமான வேலை.

வாக்குறுதியை மூடிய அறையில் எடுக்கட்டும், கல்யாணத்தை வெளிச்சத்தில் நடத்தட்டும் என்பதே என் கட்சி. இன்றைக்கு இங்கே அப்படிச் செய்யும் இளைஞர்களைப் பார்க்கிறேன். தோட்டத்தில் மோதிரம் மாற்றி, பாட்டியின் கண்ணீர் காயும் முன் ஆலயத்துக்குக் கிளம்புகிறார்கள்.

சால்ட் லேக் ஆலயம் கட்டி முடிக்க நாற்பது ஆண்டுகள் பிடித்தது. 1893இல், பிரதிஷ்டைக்கு முந்தைய நாள், அழைப்புப் பெற்ற வெளியார் உள்ளே போய்ப் பார்த்தார்கள், அதோடு சரி. 2019 டிசம்பர் இறுதியில் நிலநடுக்கப் பாதுகாப்பு வேலைக்காக அதை மூடினார்கள். வேலை முடிந்து, 2027 ஏப்ரல் முதல் அக்டோபர் வரை யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம் என்று அறிவித்திருக்கிறார்கள். இந்தப் பக்கம் உறவினர் யாராவது இருந்தால் அந்த மாதங்களில் வாருங்கள். அனுமதிக்குக் காசு கிடையாது, காபி குடிப்பீர்களா என்றும் கேட்க மாட்டார்கள்.