கழலாத டயர்

திருத்தணியை அடுத்த எங்கள் கே.ஜி.கண்டிகைக்காரர்களுக்குச் சக்கரங்களோடு பழக்கம் அதிகம். ஆடிக் கிருத்திகைக்குக் காவடிகளோடு மலைக்கோயிலை நோக்கிச் செல்லும் வண்டிகள் ஒருபுறம். கரும்பு வெட்டுக் காலத்தில் திருவாலங்காட்டுச் சர்க்கரை ஆலைக்குப் பாரம் சுமந்து செல்லும் டிராக்டர்கள் மறுபுறம். பஞ்சர் என்பது எங்களுக்கு வெயிலும் மழையும் போல வந்து போகும் சங்கதி. ஆயினும் சென்ற தவக்காலத்தில் என் டிராக்டரின் முன்சக்கர டயர் ஒன்று என்னைப் படுத்திய பாட்டை இன்னும் மறக்க முடியவில்லை.

அன்று சனிக்கிழமை. திங்களன்று கரும்பு ஏற்ற வேண்டும் என்று ஆலையிலிருந்து உத்தரவு வந்திருந்தது. காலையில் கொட்டகைக்குப் போனால், டிராக்டர் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. சீமைக் கருவேல முள்ளின் கைங்கரியம். வழக்கமாகப் பஞ்சர் ஒட்டுபவர் உறவினர் திருமணத்திற்கு வெளியூர் போய்விட்டார். "நாமே கழற்றிவிடலாம் அப்பா" என்றான் என் மகன். முன்சக்கரம்தானே என்று நானும் துணிந்தேன். பின்சக்கரமாக இருந்தால் தொட்டே இருக்க மாட்டேன். அதன் டியூபில் பாரத்திற்காகத் தண்ணீர் வேறு நிரப்பியிருக்கிறோம்.

வேலைக்கு முதலில் வேண்டியது ஜாக்கி. அது அண்ணன் வீட்டில் இருந்தது. பாகம் பிரித்தபோது டிராக்டர் எனக்கும், ஜாக்கி முதலிய சாமான்கள் அவருக்குமாக வந்தன. பாகம் பிரித்ததில் எங்களுக்குள் மனத்தாங்கல் ஏதும் இல்லை. பிறகு ஒரு வரப்புக் கல்லை முன்னிட்டு வந்தது. எட்டு மாதங்களாக இருவருக்கும் பேச்சு இல்லை. ஞாயிறு திருப்பலியில் ஒருவருக்கொருவர் சமாதானம் தெரிவிக்கும் வேளை வந்தால், அவர் வலப்பக்கம் திரும்பிக் கைகூப்புவார். நான் இடப்பக்கம் திரும்பிக் கைகூப்புவேன். நடுவே இருக்கும் நான்கு பேருக்கும் விஷயம் தெரியும்.

மகனை அனுப்பினேன். ஜாக்கி வந்தது, சொல் ஒன்றும் உடன் வரவில்லை.

பின்சக்கரங்களுக்குக் கல் அணை கொடுத்து, சக்கரம் தரையில் இருக்கும்போதே போல்ட்டு நட்டுகளைத் தளர்த்தி, அதன் பிறகே அச்சைத் தூக்கினோம். அச்சின் கீழ் கனமான மரக்கட்டையை வைத்தோம். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் கீழ் கை நீட்டுவது கூடாது. சக்கரத்தைக் கழற்றிக் கோணிப்பையின் மேல் கிடத்தி, வால்வின் உள்ளே இருக்கும் ஊசியைத் திருகி எடுத்து, மிச்சமிருந்த காற்றையும் வெளியேற்றினேன். இதுவரை யாவும் சுகம்.

அதற்குமேல்தான் சோதனை. ஆறு ஆண்டுகளாகக் கழற்றாத டயர் அது. சேற்றிலும் உரத்திலும் புரண்டு ரிம் துருப்பிடித்து, டயரின் விளிம்பும் இரும்பும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு கிடந்தன. சம்மட்டியால் அடித்தேன். ரப்பரில் பட்ட சம்மட்டி துள்ளி எழுந்து என் முழங்காலைப் பதம் பார்க்க வந்தது. கடப்பாரையை நுழைத்து நெம்பினேன். ரிம்மின் ஓரம் சற்று நெளிந்ததே தவிர டயர் அசையவில்லை. மகனை அதன்மேல் ஏறிக் குதிக்கச் சொன்னேன். உச்சி வெயில் வந்துவிட்டது. தவக்காலத்தில் வாயிலிருந்து வரக்கூடாத சொற்கள் சிலவும் வந்துவிட்டன.

டயரை ரிம்மில் நிறுத்துவதும் கழற்றுவதும் மனிதனுக்கு எளிதில் கைவந்த வித்தை அல்ல. டன்லப் என்ற கால்நடை மருத்துவர், தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்காகக் காற்றடைத்த டயரை உருவாக்கி அதற்குக் காப்புரிமை பெற்றது 1888இல். (எங்கள் திருத்தணியில் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் பிறந்ததும் அதே ஆண்டில்தான் என்பதை இங்கே பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன்.) அந்த டயரைச் சக்கரத்தோடு பசை போட்டு ஒட்டிவிடுவார்கள். பஞ்சரானால் பிய்த்தெடுத்து, ஒட்டி, பசை காயும்வரை காத்திருக்க வேண்டும். பிரான்ஸ் தேசத்து மிஷலின் சகோதரர்கள் இந்தத் தொல்லையைக் கண்டே, கழற்றி மாட்டக்கூடிய மிதிவண்டி டயரை 1891இல் செய்து காட்டினார்கள். அதற்கு முந்திய ஆண்டில் வெல்ச் என்ற ஆங்கிலேயர், டயரின் விளிம்புக்குள் கம்பி வளையத்தை வைக்கவும், ரிம்மின் நடுவே ஒரு பள்ளம் அமைக்கவும் வழி கண்டிருந்தார். இன்று அரக்கோணத்து எம்.ஆர்.எப். ஆலையில் உருவாகும் டயர்களின் விளிம்புகளிலும் இருப்பது அத்தகைய எஃகுக் கம்பி வளையமே. அந்த நடுப்பள்ளம் எதற்கு என்பது, இத்தனை ஆண்டுகள் டிராக்டர் வைத்திருந்தும் எனக்குத் தெரியாது. அன்று பிற்பகலில்தான் தெரிந்தது.

சோற்றுக்குப் பிறகு நான் மீண்டும் சம்மட்டியைத் தூக்கியபோது கொட்டகை வாசலில் நிழல் விழுந்தது. அண்ணன் நின்றிருந்தார். ஜாக்கியைக் கேட்டு வாங்க வந்தாரோ என்று எண்ணினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, டயரைப் பார்த்தார். பிறகு என் மகனிடம், "சோப்புத் தண்ணீர் கொண்டு வா" என்றார்.

விளிம்பைச் சுற்றிலும் சோப்புத் தண்ணீரை ஊற்றி ஊறவிட்டார். டீசலோ கிரீசோ விடலாமா என்று மகன் கேட்டதற்கு, "அது ரப்பரைத் தின்னும்" என்று மட்டும் சொன்னார். பிறகு சக்கரத்தை உருட்டிச் சென்று டிரெய்லரின் அடிச்சட்டத்தின் கீழ் படுக்கவைத்தார். ரிம்மை ஒட்டினாற்போல டயரின் பக்கத்தில் ஒரு பலகைத் துண்டு. பலகையின் மேல் ஜாக்கி. ஜாக்கியின் தலை டிரெய்லரின் சட்டத்தில் முட்டியது. நிதானமாக அடிக்கத் தொடங்கினார். டிரெய்லரின் பாரம் முழுவதும் அந்த ஒரு சாண் இடத்தில் இறங்கியது. ஏழெட்டு அடிகளில் 'டப்' என்று ஓர் ஓசை. காலை முழுவதும் நான் அடித்தும் விடாதது விட்டுக்கொடுத்தது. சக்கரத்தைச் சிறிது சிறிதாகச் சுற்றி வைத்து, இரு புறமும் அவ்வாறே விடுவித்தார்.

இனி வெளியே எடுக்க வேண்டும். நான் வால்வு அருகே இரண்டு லிவர்களை நுழைத்து முழுப் பலத்தோடு நெம்பினேன். வரவில்லை. அண்ணன் எதிர்ப்புறம் வந்து, டயரின் விளிம்பைக் காலால் மிதித்து, நடுப்பள்ளத்திற்குள் இறக்கி நின்றுகொண்டார். "இப்போது எடு" என்றார். எட்டு மாதங்களில் என்னிடம் சொன்ன முதல் சொல் அது. எடுத்தேன். குழந்தையின் கையிலிருந்து வளையல் கழல்வது போல வந்தது.

விஷயம் இதுதான்: வளையல் நீளாது, கையைத்தான் குவிக்க வேண்டும். டயரின் விளிம்பில் இருக்கும் எஃகு வளையமும் நீளாது. ரிம்மின் ஓரமோ அந்த வளையத்தைவிடப் பெரியது. எதிர்ப்புறம் பள்ளத்தில் இறங்கினால்தான் இப்புறம் தளர்ச்சி கிடைக்கும். அது இறங்காதவரை இங்கே எவ்வளவு நெம்பினாலும் கம்பிதான் கெடும். ஒருவனாகச் செய்வது கடினம். எதிர்ப்பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும்.

டியூபை எடுத்த பின், அண்ணன் டயரின் உட்புறத்தைக் கையால் தடவச் சொன்னார். என் கட்டை விரலில் சுருக்கென்று ஏறியது முள்ளின் முனை. இடுக்கியால் அதைப் பிடுங்கினோம். இல்லையேல் புதிய டியூபும் அரைமணியில் போயிருக்கும். ரிம்மின் துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, நெளிந்த ஓரத்தைத் தட்டி நேராக்கினோம். டியூபுக்குப் பேத்தியின் பவுடர் டப்பா பாதி செலவாயிற்று. அதற்கு வீட்டில் கிடைத்த அர்ச்சனை தனி. மாட்டும்போது வால்வுக்கு எதிரே தொடங்கி வால்வு அருகே முடித்தோம். அப்போதும் தொடங்கிய இடத்தைப் பள்ளத்தில் அழுத்தி நின்றவர் அண்ணனே.

பக்கத்து வீட்டுச் சிறிய கம்ப்ரசரைக் கொண்டுவந்து காற்றை ஏற்றினோம். டயரின் ஓரத்தில் ரிம்மை ஒட்டி ஒரு கோடு வார்த்திருப்பார்கள். சுற்றிலும் அது ஒரே அளவாகத் தெரிந்தால் டயர் சரியாக உட்கார்ந்துவிட்டது என்று பொருள். எங்கள் டயரில் ஒரு பக்கம் கோடே தெரியவில்லை. "இன்னும் ஏற்று" என்றேன். 35 பவுண்டு ஆயிற்று. உட்காரவில்லை. "ஏற்று, ஏற்று" என்று சொல்லிக்கொண்டே சம்மட்டியோடு டயரின் மேல் குனிந்தேன்.

என் சட்டையின் பின்புறத்தை யாரோ பிடித்து இழுத்தார்கள். நான் மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். அண்ணன் கம்ப்ரசரின் குழாயைப் பிடுங்கி எறிந்தார். அவருடைய கை நடுங்கிக்கொண்டிருந்தது.

இளம் வயதில் அவர் லாரியில் கிளீனராக இருந்தவர். அந்நாளில் லாரிச் சக்கரங்களில் டயரைப் பிடித்து நிறுத்த ஓர் இரும்பு வளையம் இருக்கும். காற்றேற்றும்போது அது சரியாக உட்காராமல் தெறித்து, தம்மோடு வேலை செய்த பையனின் முகத்தில் பாய்ந்ததை அன்றுதான் எங்களுக்குச் சொன்னார். "துண்டால் முகத்தை மூடித்தான் வீட்டுக்குக் கொண்டுபோனோம். அவன் அம்மாவுக்குக் காட்டவில்லை." ஐம்பது ஆண்டுகள் ஒரே கூரையின் கீழும் பக்கத்துக் கூரையின் கீழும் வாழ்ந்திருக்கிறோம், எனக்கு இது தெரியாது.

எங்கள் சக்கரத்தில் அந்த வளையம் இல்லைதான். ஆனால் உட்காராத டயரில் காற்றை மேலும் மேலும் திணித்தால் விளிம்புக் கம்பி அறுந்து, டயரும் ரிம்மும் குண்டு போல எழும்பக்கூடும். 40 பவுண்டைத் தாண்டி உட்காரவைக்க முயலவே கூடாது. காற்றை முழுவதும் இறக்கி, மறுபடி சோப்புத் தண்ணீர் தடவி, புதிதாகத் தொடங்க வேண்டும். சக்கரத்தின் மேல் குனியாமல் விலகி நிற்க வேண்டும். டயர் மாட்டியிருக்கும் ரிம்மில் வெல்டிங் வைப்பது இதைவிடப் பெரிய ஆபத்து. உள்ளிருக்கும் காற்று சூடேறி வெடிக்கும். டிராக்டர் வைத்திருக்கும் நம் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இதைப் பெற்றோர் அவசியம் சொல்லிவைக்க வேண்டும்.

காற்றை இறக்கினோம். சோப்புத் தண்ணீர் தடவினோம். இரண்டாம் முறை 30 பவுண்டு எட்டுவதற்குள் கோடு சுற்றிலும் தெரிந்தது. டயருக்கு விதித்த அளவில் காற்றை நிறுத்தினார் அண்ணன். என் மனைவி காப்பி கொண்டுவந்தாள். அவர் நின்றபடியே குடித்துவிட்டு, ஜாக்கியைத் தோளில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் திருப்பலியில் சமாதான வேளையில் நான் வலப்பக்கம் திரும்பினேன். அவர் இன்னும் இடப்பக்கம் முழுவதும் திரும்பவில்லை. கூப்பிய கைகளோடு பாதி திரும்பியிருந்தார்.

வரப்புக் கல் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதை எங்கே நடுவது என்று இதுவரை நாங்கள் பேசவில்லை. ஆனால் வாரம் ஒருமுறை, பெரும்பாலும் நான் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து, அவர் கொட்டகைக்கு வந்து அந்த டயரின் காற்றை அளந்துவிட்டுப் போவதாக மகன் சொல்கிறான்.